முதலாம் தரக் குளிர்

நவம்பர் கடைசியில் அடித்த காற்று மாம்புரியில் ஒன்பது வீட்டுக் கூரைகளைத் தூக்கிக்கொண்டு போனது. அதில் முனாஸின் கூரையும் ஒன்று. பதினாறு தகரத்தில் ஐந்து தென்னந்தோட்டத்துக்குள் கிடந்தன. நான்கு மடங்கிப்போய் மிளகாய்ப் பாத்தியில் கிடந்தன. மிச்சம் ஏழும் எங்கே போயின என்று இன்றைக்குவரை ஒருவருக்கும் தெரியாது.

முனாஸ் வெங்காயமும் மிளகாயும் பயிர்செய்து பிழைக்கிறவன். அவனுடைய மனைவி சிபானா தலைப்பிள்ளைப் பேறுக்காகக் கற்பிட்டியில் உம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். ஜனவரியில் பிள்ளை பிறக்கும், நாற்பது கழிந்ததும் திரும்பி வருவாள். அதற்குள் தலைக்கு மேல் ஒரு கூரை இருக்க வேண்டும். முனாஸுக்கு வேறு கவலை இல்லை.

பிரதேச செயலகத்துக்குப் போனான். அங்கே இருந்த பெண் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அண்ணன் முறை வைத்து, "காத்துக்கு வந்த உதவி முடிஞ்சிட்டு நானா" என்றாள். அவன் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டவளாக, "பின் ஒழுங்கையில ஒரு கந்தோர் இரிக்கி. கூரையும் போட்டுக் குடுக்கிறாங்களாம். என்ன திட்டம் எண்டு எனக்கே விளங்கல்ல. போய்க் கேட்டுப் பாருங்க" என்றாள்.

பின் ஒழுங்கையில் புதிதாகப் பூச்சுப் பூசிய இரண்டு மாடிக் கட்டடம். மூன்று மொழியில் பெயர்ப்பலகை. 'இல்ல வெப்பச் செலவுக் குறைப்பு அதிகார சபை – கரையோர வலயம்.' முனாஸ் தமிழை இரண்டு முறை வாசித்தான். பிறகு, தனக்குத் தெரியாத மொழியில் ஏதாவது விளக்கம் இருக்குமோ என்று மற்ற இரண்டையும் பார்த்தான்.

இந்த அதிகார சபை எதற்காக உண்டானது என்று சொல்ல வேண்டும். மலைநாட்டில் இரவுக் குளிருக்கு விறகும் மின்சாரமும் எரித்துக் காசைக் கரைக்கிற குடும்பங்களுக்கு உதவ, குளிர்நாடு ஒன்று பணம் தந்தது. நல்ல காரியம். ஆனால் கொழும்பில் நடந்த கூட்டத்தில் ஒருவர் எழுந்து, சில மாவட்டங்களுக்கு மட்டும் குளிரை ஒதுக்குவது பாரபட்சம் என்று சொன்னார். அதை மறுக்க எவருக்கும் துணிவு வரவில்லை. எல்லா மாவட்டத்துக்கும் சமமாகப் பிரித்தார்கள். புத்தளத்துக் கரைக்குப் பத்தொன்பது உத்தியோகத்தர்களும் இரண்டு வாகனங்களும் நானூறு கம்பளித் தொப்பிகளும் கிடைத்தன. மூன்று வருடமாக அந்த அலுவலகம் ஒரு பயனாளியைத் தேடிக்கொண்டிருந்தது. ஒருவரும் அகப்படவில்லை.

ஆகவே முனாஸ் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது பத்தொன்பது பேரும் எழுந்து நின்றார்கள்.

உள்ளே பதினாறு பாகையில் குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் கம்பளிச் சட்டை போட்டிருந்தார்கள். வெளிக்கள உத்தியோகத்தர் கில்பட், உடப்புப் பக்கத்துக்காரர், முனாஸைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தினார். தப்பி ஓடிவிடுவானோ என்ற பயம் அந்தப் பிடியில் இருந்தது.

"நானா, இரவில வீட்ட என்னத்தால சூடாக்குறீங்க? விறகா, நிலக்கரியா, மின்சாரமா, வேறயா?"

"சூடாக்குறதா? நாங்க ஃபேன் போட்டுட்டுத்தானே சேர் படுக்கிற."

கில்பட் படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். "ஃபேனுக்கு இதில இடமில்ல. 'வேற' எண்டு போடுறன்."

"எனக்குக் கூரைதான் சேர் இல்ல."

"வருவம், வருவம். வருசத்தில எத்தின மாசம் குளிர்?"

முனாஸ் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். "டிசம்பர், ஜனவரியில விடியக்காலயில கொஞ்சம் இரிக்கிம். சாரத்தக் கழுத்துமட்டும் இழுத்துப் போத்துனாச் சரி."

'போர்த்திக்கொள்ளப் போதிய துணி இல்லை' என்று கில்பட் எழுதினார்.

இப்படி நாற்பது நிமிடம் போனது. பதினொரு பக்கப் படிவம் முடிகிறபோது பணிப்பாளர் ஜெமீல் தன் அறையிலிருந்து வந்தார். கழுத்தில் கம்பளிச் சால்வை சுற்றியிருந்தார். குளிர்நாட்டில் மூன்று வாரம் பயிற்சி பெற்றவர். அந்த மூன்று வாரத்தின் படங்கள் அலுவலகச் சுவரில் வரிசையாக மாட்டப்பட்டிருந்தன. எல்லாப் படத்திலும் அவர் பனிக்குள் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, உண்மையச் சொல்லணும். உங்களுக்குக் குளிருதா?"

முனாஸின் கைமயிர் எழுந்து நின்றது. தாடை தானாக ஆடியது. "ஓம் சேர். இப்ப குளிருது."

"எழுதுங்க" என்றார் ஜெமீல், கில்பட்டைப் பார்த்து.

"இல்ல சேர், இது இஞ்ச உள்ள ஏசிக்கு…"

"ஏன் குளிருது எண்டுற ஆராய்ச்சி நம்மட வேலையில்ல. குளிருதா இல்லையா எண்டுறதுதான் கேள்வி." அவர் மற்ற உத்தியோகத்தர்களின் பக்கம் திரும்பினார். "இந்தக் கரையில உள்ள சனம் தங்களுக்குக் குளிருது எண்டு தெரியாமலேயே வாழ்ந்து மவுத்தாகுது. அத அவங்களுக்கு விளங்கப்படுத்தத்தான் நமக்குச் சம்பளம் தாறாங்க. அது விளங்கிட்டா அவங்க குளிரத் தேடி வருவாங்க. இவர் வந்திட்டாரு. பாத்தீங்களா?"

பத்தொன்பது பேரும் கைதட்டினார்கள். முனாஸுக்கு 'குளிரினால் பாதிக்கப்பட்டவர், முதலாம் தரம்' என்று ஒரு சான்றிதழும் ஒரு கம்பளித் தொப்பியும் கொடுத்துப் படம் எடுத்தார்கள்.

"கூரை எப்ப சேர் வரும்?" என்று வாசலில் நின்று கேட்டான்.

"கூரை கடைசிக் கட்டம் நானா" என்றார் கில்பட். "முதல்ல அடிப்படை அளவீடு."

அடிப்படை அளவீடு என்றால் என்ன என்பது டிசம்பர் நடுவில் வாகனத்தில் வந்து இறங்கியது. அது ஒரு பெரிய மின் ஹீட்டர். கில்பட் அதை முனாஸின் கூரையில்லாத அறையில், மேலே கட்டியிருந்த தறப்பாளுக்குக் கீழே வைத்தார். முப்பது நாளைக்கு இரவுதோறும் ஓட வேண்டும் என்றார்.

"எனக்கு இது தேவையில்லயே சேர்."

"உங்களுக்கில்ல நானா, கணக்குக்குத் தேவை. சேமிப்பு எண்டா என்ன? முந்திச் செலவழிச்சதில இருந்து பிறகு செலவழிக்கிறதக் கழிக்கிற. நீங்க முந்திச் செலவழிக்கவே இல்ல. பூச்சியத்தில இருந்து நான் என்னத்தக் கழிக்கிற?"

"அப்ப நான் இப்பவே மிச்சம் பிடிச்சிட்டன் தானே?"

கில்பட் ஒப்பந்தத் தாள்களை நீட்டினார். "அது நீங்களாச் செய்தது. நாங்க செஞ்சு தரணும்."

முனாஸ் கையொப்பம் வைத்தான். அவன் மனதில் ஓடியதெல்லாம் கூரை மட்டும்தான். ஹீட்டரைப் போட்டுவிட்டு, பாயை எடுத்துக்கொண்டு கஜு மரத்தடிக்குப் போய்ப் படுத்தான். பக்கத்து வளவு லோறன்ஸ் அண்ணன், கடலுக்குப் போகிறவர், ஒருநாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"முனாஸ், வீட்டுக்குள்ள சிவப்பா என்னமோ எரியுது. உள்ளுக்க யாரு?"

"ஒருத்தருமில்ல அண்ணன். ஹீட்டர்."

"ஆளில்லாமலா?"

"ஆள் இருக்கோணும் எண்டு படிவத்தில இல்லயாம்."

லோறன்ஸ் அதை யோசித்துப் பார்த்தார். அந்த டிசம்பரில் வெயில் தலைகாட்டவில்லை, அவர் வீட்டுக் கருவாடு ஈரம் காயாமல் புழுத்துக்கொண்டிருந்தது. அடுத்தநாள் ஒரு பாரை மீன் கூடையோடு வந்தார். முனாஸின் அறைக்குள் கயிறு கட்டி மீனைத் தொங்கவிட்டார்கள். இரண்டு நாளில் பலகைபோலக் காய்ந்தது. அந்தத் திட்டத்தினால் எவருக்காவது நன்மை உண்டானது என்றால் அது அந்தப் பாரை மீனுக்குத்தான். பரிசோதனைக்கு வந்த கில்பட் மூக்கைப் பொத்திக்கொண்டு, 'வீட்டில் ஒருவகை மணம் உண்டு. குளிரினால் ஏற்பட்டிருக்கலாம்' என்று குறித்துக்கொண்டு போனார்.

முப்பது நாள் முடிந்ததும் கரண்ட் பில் வந்தது. ஆயிரத்து நானூறு வரும் வீட்டுக்கு முப்பத்தோராயிரம். அதை எடுத்துக்கொண்டு முனாஸ் அலுவலகத்துக்கு ஓடினான். ஜெமீல் பில்லை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் கண் கலங்கியது.

"எவ்வளவு பெரிய செலவு! இந்தச் சனம் குளிரால எவ்வளவு கஷ்டப்படுது எண்டுறதுக்கு இத விட அத்தாட்சி வேணுமா? இதப் படம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்புங்க."

"சேர், இத யார் கட்டுற?"

"நீங்கதான் தம்பி. நாங்க கட்டினா அது உங்கட கஷ்டமா இரிக்காதே."

பிள்ளை பிறந்ததும் அறுத்துப் பங்கிட, அகீகாவுக்கென்று முனாஸ் இரண்டு ஆடு வளர்த்திருந்தான். ஆண்பிள்ளை என்றால் இரண்டு வேண்டும், பெண்பிள்ளைக்கு ஒன்று போதும். ஒன்றை விற்றுப் பில்லைக் கட்டினான். விற்ற நாள் தொட்டு, ஒரு தகப்பன் கேட்கக் கூடாத துஆ ஒன்றைக் கேட்கிறோமோ என்று தொழுகைப் பாயில் கூச்சப்பட்டான். ஜனவரி இருபதில் பெண்பிள்ளை பிறந்தது. கற்பிட்டிக்கு ஓடிப்போய்ப் பிள்ளையைக் கையில் வாங்கியபோது அவன் அழுததைப் பார்த்து, பொம்பிளப் பிள்ளை என்று மருமகனுக்குத் துக்கமாக்கும் என்று மாமியார் நினைத்துக்கொண்டார்.

பெப்ரவரி கடைசியில் கூரை வந்தது.

அது நல்ல கூரை என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். உள்ளே தடித்த நுரை வைத்த தகடு. மாம்புரியில் எவர் வீட்டிலும் அப்படி ஒன்று இல்லை. முனாஸ் கீழே நின்று பார்த்து அல்ஹம்துலில்லாஹ் என்றான். வேலையாட்கள் இறங்கி வந்தார்கள். இறங்கியவர்கள் போகவில்லை. வீட்டின் நான்கு யன்னலையும் ரெஜிபோம் நுரைப் பலகையால் அடைத்து அதற்குமேல் சாந்து பூசினார்கள். கதவின் நாலு பக்கமும் இறப்பர் ஒட்டினார்கள். பிறகு ஒருவன் ஏணியில் ஏறிச் சுவர் ஃபேனைக் கழற்றினான்.

"அத ஏன் கழட்டுறீங்க?"

"ஃபேன் இருந்தா சூடு கலைஞ்சிரும் நானா" என்றார் கில்பட். "அஞ்சு வருசத்துக்கு ஒண்டையும் கழட்டவோ உடைக்கவோ ஏலாது. அப்படிச் செய்தா முழுச் செலவையும் நீங்க திருப்பிக் கட்டணும். ரெண்டாம் பக்கத்தில இரிக்கி. கையொப்பம் வச்சிருக்கீங்க."

மார்ச் முதலாம் தேதி சிபானா பிள்ளையோடு வந்து சேர்ந்தாள். முச்சக்கரவண்டியிலிருந்து இறங்கி முதலில் கூரையைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததைக் கண்டு முனாஸுக்கு மூன்று மாத அலைச்சலும் மறந்துபோனது. இரண்டு பேருமாகத் தள்ளிக் கதவைத் திறந்தார்கள். பிஸ்மில்லாஹ் சொல்லி வலது காலை வைத்து உள்ளே போனாள். ஐந்து நிமிடத்தில் முக்காடு நனைந்து வெளியே வந்தாள்.

"இது வீடா, பாண் சுடுற போறணை அடுப்பா?"

"கொஞ்சம் பழகினாச் சரியாகும் எண்டாங்க."

"பாணா போடப்போறீங்க எங்கள வச்சு? யன்னல் எங்க?"

முனாஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தைச் சொன்னான். சிபானா நான்கு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பகல் முழுக்கக் கஜு மரத்தடியில் ஏணை கட்டிப் பிள்ளையைக் கிடத்தினாள். நுளம்பு கடிக்க வருகிற அந்தி நேரத்தில் உள்ளே தூக்கிப் போக வேண்டியிருந்தது. ஐந்தாம் நாள் காலையில் பிள்ளையின் கழுத்திலும் முதுகிலும் சிவப்பாக வேர்க்குரு பரவியிருந்தது. அழுதழுது குரலும் அடைத்துப்போயிருந்தது. சிபானா உடுப்புப் பையை எடுத்தாள்.

"நான் உம்மாட வீட்டுக்குப் போறன். யன்னல் உள்ள ஒரு வீடு கிடைச்சா ஆள் அனுப்புங்க."

"சிபானா, அவங்க காசு கேப்பாங்க…"

"அவங்க காசு கேப்பாங்க எண்டு என்ட புள்ள வேகணுமா?"

முச்சக்கரவண்டி போகிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனான்.

ஒரே ஒரு யன்னலைத் திறக்க அனுமதி கேட்டான். உள்ளே இருக்க முடியவில்லை, பெஞ்சாதி பிள்ளையைக் கொண்டுபோய்விட்டாள், பிள்ளைக்கு உடம்பெல்லாம் பொரிந்துவிட்டது என்று சொன்னான். சொல்லச் சொல்ல ஜெமீலின் முகம் பூரித்துக்கொண்டே போனது.

"உள்ளுக்க இருக்கவே ஏலாத அளவுக்குச் சூடு! கில்பட், கேட்டீங்களா? மலைநாட்டில பதினேழு வலயம் இரிக்கி. ஒண்டாவது இந்த நிலைக்கு வந்திருக்கா?"

"இல்ல சேர்."

"தலைமைக் காரியாலயத்துக்கு அறிவிங்க. மதிப்பீட்டாளர வரச் சொல்லுங்க. திறப்பு விழா வைப்பம்."

"சேர், யன்னல்…"

"விழா முடியட்டும் தம்பி. முழுசா மூடியிருந்தாத்தானே திறப்பு விழா."

மார்ச் பதினெட்டு. காலை பதினொரு மணிக்கே மணலில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியவில்லை. முனாஸின் வளவில் பந்தல் போட்டு மேடை அமைத்திருந்தார்கள். பத்தொன்பது உத்தியோகத்தர்களும் கம்பளிச் சட்டையும் தொப்பியுமாக வரிசையில் நின்றார்கள். அவர்களுடைய நெற்றியிலிருந்து வழிந்த வியர்வை தாடையில் சொட்டியது. எவரும் துடைக்கவில்லை. துடைத்தால் வியர்க்கிறது என்று ஆகிவிடும். கொழும்பிலிருந்து மதிப்பீட்டாளர் நிஷாந்தினி வந்திருந்தார். கையில் வெப்பமானி, மடியில் படிவம்.

ஜெமீல் பேசினார்.

"இந்த வலயத்தை மூடிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். இங்கே குளிர் இல்லை என்றார்கள். நான் கேட்டேன், பத்தொன்பது பேர் மூன்று வருடமாக வேலை செய்கிற ஒரு பிரச்சினை எப்படி இல்லாமல் போகும்? பிரச்சினை இல்லையென்றால் நாங்கள் யார்? எங்களுடைய வாகனம் எதற்கு? இதோ, நாங்கள் ஒரு மனிதனைக் கண்டுபிடித்தோம். அவனுக்குச் செலவே இருக்கவில்லை. நாங்கள் செலவை உண்டாக்கிக் கொடுத்தோம். பிறகு அந்தச் செலவை நாங்களே நிறுத்தினோம். இன்று அவன் மாதம் இருபத்தொன்பதாயிரத்து அறுநூறு ரூபாய் சேமிக்கிறான். அவனுடைய மனைவி பிள்ளைகள்கூட வீட்டில் இல்லாததால் மேலும் சேமிப்பு!"

லோறன்ஸ் அண்ணன் வேலிக்கரையில் நின்று காறித் துப்பினார். அது கைதட்டலில் கேட்கவில்லை.

பிறகு வெப்ப ஆறுதல் சோதனை. மதிப்பீட்டாளரும் பணிப்பாளரும் கில்பட்டும் இன்னும் இரண்டு பேரும் வீட்டுக்குள் கதவை மூடிக்கொண்டு இருபது நிமிடம் இருக்க வேண்டும். விழா என்பதால் ஹீட்டரையும் போட்டிருந்தார்கள். முனாஸும் உள்ளே போகப் பார்த்தான். பயனாளி உள்ளே வந்தால் அவனுடைய வியர்வையால் அளவு பிழைக்கும் என்று அவனை வெளியே நிறுத்திக் கதவை இழுத்துச் சாத்தினார்கள்.

உள்ளே நடந்ததை முனாஸ் கதவோரம் நின்று கேட்டான்.

"நாப்பத்தொண்டு காட்டுது" என்றது நிஷாந்தினியின் குரல்.

"இதமா இரிக்கி" என்றார் ஜெமீல்.

ஐந்து நிமிடம் போனது. "சேர், கதவக் கொஞ்சம்…" என்று கில்பட் தொடங்கினார்.

"ஏன் கில்பட்? உங்களுக்குச் சூடா இரிக்கா?"

"இல்ல சேர்."

"மிஸ், உங்களுக்கு?"

"படிவத்தில இருவது நிமிசம் எண்டு இருக்கு" என்றார் நிஷாந்தினி.

இன்னும் கொஞ்சநேரத்தில் கனமான ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. பிறகு கதவை உள்ளேயிருந்து இழுக்கும் சத்தம். ஒட்டிய இறப்பர் சூட்டில் இளகி நிலையோடு பிடித்துக்கொண்டுவிட்டது. "நானா! முனாஸ் நானா! சேர் விழுந்திட்டாரு!" என்று கில்பட் கத்தினார்.

வெளியே நின்ற உத்தியோகத்தர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முத்திரையிட்ட கட்டமைப்பைத் திறக்க எழுத்து மூல அனுமதி வேண்டும், அனுமதி கொடுக்க வேண்டியவர் உள்ளே கிடக்கிறார் என்று ஒருவர் சொன்னார். முனாஸ் அதைக் கேட்க நிற்கவில்லை. லோறன்ஸ் வேலிக்கு மேலால் தன் இரும்பு அலவாங்கை எறிந்தார். முனாஸ் அதை எடுத்துத் தென்பக்கத்து யன்னலில் ஓங்கி அடித்தான். சாந்து உதிர்ந்தது. நாலாவது அடியில் ரெஜிபோம் இரண்டாகப் பிளந்து உள்ளே விழுந்தது. வெந்த காற்று அவன் முகத்தில் அடித்தது.

முதலில் வந்தவர் மதிப்பீட்டாளர். செருப்பு உள்ளே விழுந்துவிட்டது. ஜெமீலை இரண்டு பேர் காலையும் தோளையும் பிடித்துத் தள்ள, முனாஸும் லோறன்ஸும் வாங்கிக் கஜு மரத்தடியில் கிடத்தினார்கள். லோறன்ஸ் சால்வையை அவிழ்த்தெறிந்து, ஒரு வாளித் தண்ணீரை அப்படியே அவர் தலையில் கவிழ்த்தார். ஜெமீல் கண்ணைத் திறந்தார்.

"எத்தின நிமிசம்?"

"பதினாறு சேர்" என்றார் கில்பட்.

"இருவது எண்டு போடுங்க."

முனாஸ் அலவாங்கைப் பிடித்தபடி நின்றான். ஐந்து மனிதரை உயிரோடு வெளியே எடுத்தவனுக்கு ஒரு நன்றியாவது சொல்வார்கள் என்று நினைத்தான். வாகனங்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டன.

ஆறாம் நாள் பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. அதிகார சபையின் கட்டமைப்பை உடைத்தது முதலாவது குற்றம். வெளிக்காற்றைச் சடுதியாக உள்ளே விட்டுப் பணிப்பாளருக்குக் குளிர் அதிர்ச்சி உண்டாக்கியது இரண்டாவது குற்றம். விசாரணைக்கு வரவேண்டும்.

விசாரணை அன்று அலுவலகத்தில் வழக்கம்போலப் பதினாறு பாகை. முனாஸ் இந்த முறை சட்டைக்கு மேல் சட்டை போட்டுப் போயிருந்தான். குற்றப் பத்திரிகையை கில்பட் வாசித்து இரண்டாம் பக்கத்துக்கு வரும்போது கரண்ட் போனது. குளிரூட்டி நின்றது. அந்தக் கட்டடத்தின் யன்னல்களும் முன்மாதிரிக்காக அடைக்கப்பட்டவை. பத்து நிமிடத்தில் ஒருவர் கோப்பைத் தேடுவதாகச் சொல்லி வெளியே போனார். இன்னொருவர் அவரைத் தேடிப் போனார். கால் மணித்தியாலத்தில் பத்தொன்பது பேரும் முற்றத்து வேப்பமரத்தின் கீழே நின்றார்கள். ஜெமீலுக்குக் கதிரை கொண்டுவந்து போட்டார்கள். அவர் கம்பளிச் சட்டையின் பொத்தான்களைக் கழற்றிவிட்டு, முனாஸின் கோப்பால் விசிறிக்கொண்டே தீர்ப்பைச் சொன்னார்.

"குற்றவாளி. ஒண்டில் முழுச் செலவு எட்டு லட்சத்தையும் கட்டணும். இல்லாட்டி யன்னல உங்கட செலவில திருப்பி அடைச்சு, அம்பதாயிரம் தண்டம் கட்டணும்."

எட்டு லட்சத்துக்கு முனாஸ் காணியையே விற்க வேண்டும். அடைத்தால் சிபானா வரமாட்டாள். ஜெமீலின் கையில் ஆடிக்கொண்டிருந்த கோப்பையே பார்த்தான். அவனுக்குள் மூன்று மாதமாகக் குனிந்து நின்ற ஏதோ ஒன்று நிமிர்ந்தது.

"சேர், ஒண்டு கேக்கட்டா? இப்ப நீங்க எல்லாரும் என்னத்துக்கு வெளியால வந்தீங்க?"

பத்தொன்பது பேரும் வேப்பமரத்தின் கிளைகளைப் பார்த்தார்கள். மேலே ஒரு காகம் கத்தியது.

"சொல்லுங்க சேர். என்ட புள்ள நாலு நாளு அதுக்குள்ள கிடந்திச்சு. நாப்பது நாள் புள்ள. உங்களுக்குக் கால் மணித்தியாலம் இருக்க ஏலாம போனது என்னத்தால?"

ஜெமீல் விசிறுவதை நிறுத்தினார். "கரண்ட் இல்லாத நேரத்தில கேக்கிற கேள்வி பதிவில வராது. அலுவலகம் இயங்கல்ல."

"அப்ப கரண்ட் இல்லாத நேரத்தில சொன்ன தீர்ப்பும் வராதே சேர்."

கில்பட்டின் பேனை பாதி எழுத்தில் நின்றது. அவர் பணிப்பாளரைப் பார்த்தார். பணிப்பாளர் சட்டப் புத்தகம் இருக்கிற கட்டடத்தைப் பார்த்தார். அதற்குள் போக ஒருவரும் முன்வரவில்லை. நான்கரை மணிவரை கரண்ட் வரவில்லை. நான்கரைக்கு அலுவலகம் மூடுகிற நேரம்.

முனாஸ் விடைபெறாமல் வந்துவிட்டான். அன்று மாலையே லோறன்ஸும் அவனுமாக மிச்ச மூன்று யன்னலையும் உடைத்தார்கள். இறப்பரை உரித்து, ஹீட்டரைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் போட்டார்கள். கடல் காற்று வீட்டுக்குள் புகுந்து மறுபக்கத்தால் போனது. மறுநாள் கற்பிட்டிக்குப் போய், "யன்னல் நாலு இரிக்கி, வா" என்று சிபானாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஒரு கிழமையில் பிள்ளையின் வேர்க்குரு வாடியது. மிச்சமிருந்த ஆட்டை அறுத்து அகீகா கொடுத்தார்கள்.

ஏப்ரல் நடுவில் கில்பட் கடிதத்தோடு வந்தார். நடுப்பகல். கம்பளிச் சட்டையின் மேல்பொத்தான்வரை பூட்டியிருந்தார். சிபானா உள்ளே பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். முனாஸ் முற்றத்தில் வெங்காயம் கட்டிக்கொண்டிருந்தான்.

மதிப்பீட்டு அறிக்கை வந்துவிட்டதாக கில்பட் சொன்னார். வீட்டின் வெப்ப இலக்கு இருபத்திரண்டு பாகை, கிடைத்தது நாற்பத்தொன்று. இலக்கில் நூற்று எண்பத்தாறு வீதம். நாட்டிலேயே முதலிடம். கண்டக்குழி முதல் வண்ணாத்திவில்லுவரை இருநூற்று நாற்பது வீடுகளுக்குத் திட்டம் விரிகிறது. ஜெமீல் சேருக்குப் பதவி உயர்வு. அப்படி வெற்றி பெற்ற வீட்டில் யன்னல் உடைந்ததென்று பணம் கேட்டால் அந்த வீடு தோற்றுப்போனதாகப் பதிய வேண்டிவரும் என்பதால் எட்டு லட்சத்தைக் கேட்கவில்லையாம்.

பிறகு கடிதத்தை வாசித்தார். "தாங்கள் பயனாளிப் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறீர்கள். இன்றைய திகதியிலிருந்து தங்களுக்குக் குளிர்வதாக அதிகார சபை ஏற்றுக்கொள்ளாது."

முனாஸ் மூன்று பிரதியிலும் கையொப்பம் வைத்தான். கில்பட் போகவில்லை. யன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கழுத்துப் பட்டிக்குக் கீழே சிவப்பாகப் பொரிந்திருப்பதை முனாஸ் கண்டான்.

"நானா, இருநூத்தி நாப்பதில முதல் பத்தொம்பதும் உத்தியோகத்தர் வீடு. போன கிழமை என்ட வீட்ட அடைச்சாங்க. வீட்டில அம்மா இரிக்கிறா. வருத்தக்காரி." குரலைத் தாழ்த்தினார். "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சாப் பிறகு அந்த அலவாங்கோட ஒருக்கா வந்திட்டுப் போவீங்களா? நான் உடைச்சதா இருக்கக் கூடாது."

முனாஸ் வாய் திறக்குமுன் உள்ளேயிருந்து சிபானாவின் குரல் யன்னல் வழியாக வந்தது.

"விண்ணப்பம் எழுதித் தரச் சொல்லுங்க. மூணு பிரதி."

கில்பட் வெயிலில் நின்றபடியே பையைத் திறந்து வெள்ளைத்தாளையும் பேனையையும் எடுத்து, தாள்களுக்கு நடுவில் காபன் வைத்தார்.